ஐயமும் திரிபும்: எண்ணெய் நிலையங்களின் புகைக் கணக்கு

'ஐயந்திரிபற' என்னுஞ் சொற்றொடரைக் கேளாது நம் கல்லூரியின் வகுப்பறையை விட்டு நீங்கிய மாணவர் ஒருவரும் இரார். அத்தொடரை நாம் பெரும்பாலும் ஒரே சொற்போல வழங்கிவிடுகின்றோம். ஆயின் அதனுள் அடங்கிய குற்றங்கள் இரண்டு. அவை தம்முள் வேறானவை. மாலைப்பொழுதில் வழியிற் கிடப்பது கயிறோ பாம்போ எனத் துணியமாட்டாது நிற்றல் ஐயம். கயிற்றைப் பாம்பென்றே துணிந்து ஓடுதல் திரிபு. ஐயமுடையான் தான் அறியாதது இன்னதென்பதை அறிவான். திரிபுடையானோ அதனையும் அறியான். சைவ சித்தாந்தத்தின் அளவை நூல்கள் இவ்விரண்டையும் வேறுபிரித்தே காட்டும். ஐயமுற்ற பொருளை எவ்வாறு சொல்லால் உரைத்தல் வேண்டும் என்பதற்குத் தொல்காப்பியரும் கிளவியாக்கத்தில் விதி வகுத்தார். தூரத்தே தோன்றுவது மகனோ மரக்கட்டையோ என்னும் ஐயம் உளதாயின், இரண்டிற்கும் பொதுவாகிய 'உரு' என்னுஞ் சொல்லால் அதனைக் கூறலாம் என்பது அவ்விதியின் கருத்து. அறிந்த அளவிற்குமேற் சொல் நீளலாகாது என்பது அதன் உட்கிடை.

இவ்விலக்கணக் கருத்துக்கு இக்காலத்து அறிவியலிற் பெரிய பயனொன்று உண்டு. உலகை வெப்பமூட்டும் பச்சைவீட்டு வாயுக்கள் எவ்வளவு வெளியேறுகின்றன என்று நாடுகள் ஆண்டுதோறும் கணக்கெழுதுகின்றன. எண்ணெய் நிலையங்களும் வாயுக் கிணறுகளும் விடும் காபனீரொட்சைட்டும் மெதேனும் அக்கணக்கில் ஒரு பெரும் பகுதி. அங்கே எழுதப்படும் ஒவ்வோர் எண்ணோடும் ஓர் ஐயம் ஒட்டியிருக்கின்றது. சிலவற்றோடு திரிபும் ஒளிந்திருக்கின்றது. முன்னதை அளக்கலாம். பின்னதை அக்கணக்கினுள்ளே இருந்துகொண்டு காணவும் இயலாது. இவ்வேறுபாட்டை விளக்குதலே யாம் எடுத்துக்கொண்ட பொருள்.

வரக்காப்பொலையிலிருந்து கண்டி வீதியாற் கொழும்பு நோக்கி இறங்குவோர், களனிப் பக்கத்தை அணுகுங்கால் சப்புகஸ்கந்தை எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அண்மையிற் செல்கின்றனர். 1961இல் தாபிக்கப்பட்ட இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் உடைமையாகிய அந்நிலையம் 1969இல் தொழிற்படத் தொடங்கியது. ஈரான் நாட்டு மசகு எண்ணெய்க்கு ஏற்ப அமைக்கப்பெற்ற அது, நாளொன்றுக்கு 38,000 பீப்பாய் எண்ணெயைப் பிரிக்கும் ஆற்றலுடன் தொடங்கிப் பின்னர் 50,000 பீப்பாய் அளவுக்கு உயர்த்தப்பட்டது. இலங்கையில் இத்தகைய நிலையம் இன்றளவும் இஃதொன்றே.

இத்தகைய நிலையத்திலிருந்து வாயுக்கள் வெளியேறும் வழிகள் பல. மசகு எண்ணெயைக் காய்ச்சும் உலைகளின் புகைப்போக்கி முதலாவது. உபரி வாயுவை எரித்துவிடும் உயர்ந்த சுவாலைக் குழாய் இரண்டாவது. குழாய்மூட்டுகள், வாயில்கள், பம்புகள், தாங்கிகளின் மூடிகள் என்பனவற்றிற் கசிவது மூன்றாவது. இவ்வழிகளால் வெளியேறும் வாயு முழுவதையும் எவரும் தராசில் இட்டு நிறுப்பதில்லை. பின்னர் எண் எங்கிருந்து வருகின்றது?

அதனை விளக்கச் சப்புகஸ்கந்தைக்குப் போகவேண்டியதில்லை. கேகாலை மாவட்டத்து இறப்பர்த் தோட்டத்து ஸ்டோருக்குப் போனாற் போதும். பால் வெட்டுபவர் வாளியிற் கொண்டுவரும் பாலை அங்கே அளக்கின்றனர். ஆயின் தோட்டத்துக்கு வேண்டியது பாலன்று. பாலினுள் இருக்கும் உலர்ந்த இறப்பர். அதனை அப்பொழுதே பிரித்து நிறுக்க இயலாது. ஆகலின் பாலின் அளவையும், ஒரு லீற்றர்ப் பாலில் இறப்பர் எவ்வளவு என்னும் விகிதத்தையும் பெருக்குகின்றனர். அவ்விகிதத்தை அறியும் வழி மூன்று. பாலில் இறப்பர் பொதுவாக நூற்றுக்கு 30 முதல் 40 வரை இருக்கும் என்னும் வழக்கத்தைக் கொண்டு ஓரெண்ணை எழுதிவிடலாம். மழைநீர் கலந்த நாளில் அவ்வெண் பொய்க்கும். மெட்ரோலக் என்னும் மிதவைமானியைப் பாலில் இட்டு, அது அமிழும் ஆழத்தால் விகிதத்தை அறியலாம். இது முன்னதினும் நன்று. மாதிரி எடுத்து அமிலமிட்டு உறையச் செய்து, உலர்த்தி நிறுக்கலாம். இது யாவற்றினுந் திருத்தமானது, ஆயின் நேரமும் செலவும் மிகுதி. பால் வெட்டுபவருக்கு அன்று முழுப்பேரோ அரைப்பேரோ என்பது இப்பெருக்கலின் விடையில் தங்கியிருக்கின்றமையால், தோட்டத்திலே இதனைச் சிறுபொருளாக எவரும் கொள்வதில்லை.

புகைக் கணக்கின் வடிவமும் இதுவே. எரித்த எண்ணெயின் அளவை, ஓர் அலகு எண்ணெய்க்கு இவ்வளவு வாயு என்னும் காரணியாற் பெருக்குதல். காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடையிலான குழு 2006இல் வெளியிட்டு 2019இல் திருத்தங்கள் சேர்த்த வழிகாட்டி நூலில், காரணியை அறியும் வழிகள் மூன்று படிகளாகவே வகுக்கப்பட்டுள்ளன. முதற்படியில் உலகப் பொதுக் காரணி. இரண்டாம் படியில் அந்நாட்டுக்கென அறிந்த காரணி. மூன்றாம் படியில் அந்நிலையத்திலேயே அளந்தறிந்தது. வழக்கம், மெட்ரோலக், உலர்த்தி நிறுத்தல் என்னும் மூன்றையும் நினைந்துகொண்டால் இப்படிகள் மறவா.

அவ்வழிகாட்டி நூல் முதற்படிக் காரணியைத் தனியெண்ணாகத் தந்துவிடாமல், அதன் கீழெல்லையையும் மேலெல்லையையும் உடன்தருகின்றது. இது தொல்காப்பியர் விதிக்கு ஒத்த நேர்மை என்று யாம் கருதுகின்றோம். உலை எண்ணெய் எரிந்து ஒரு தெராயூல், அதாவது ஓரிலட்சங் கோடி யூல், வெப்பம் தருங்கால் வெளியேறும் காபனீரொட்சைட்டு 77.4 தொன், எல்லைகள் 75.5, 78.8. ஐயம் நூற்றுக்கு இரண்டு, இரண்டரை என்னும் அளவே. சுத்திகரிப்பு நிலையத்திலேயே பிறந்து அங்கேயே எரிக்கப்படும் வாயுவுக்கோ, காரணி 57.6 தொன், எல்லைகள் 48.2, 69.0. ஐயம் கீழே 16, மேலே 20. உலை எண்ணெயின் இயைபு எங்கும் ஏறக்குறைய ஒன்றே. நிலைய வாயுவிலோ ஐதரசன், மெதேன், ஈதேன், புரோப்பேன் முதலியன மணிக்கு மணி வேறுவேறு விகிதத்திற் கலந்துவரும். ஐதரசன் எரிந்தால் நீராவியன்றிக் காபனீரொட்சைட்டுத் தோன்றாது. ஆகவே அதன் பங்கு கூடினாற் காரணி சரியும்.

இனி, இத்தகைய ஐயங்களை ஒன்றுசேர்க்கும் முறையைக் காண்போம். பின்வருவன விளக்கத்துக்காக யாம் கற்பித்துக்கொண்ட அளவுகள், எந்நிலையத்தின் கணக்குமல்ல. ஓராண்டில் 10,000 தொன் உலை எண்ணெயும் 10,000 தொன் நிலைய வாயுவும் எரிந்தன என்க. உலை எண்ணெயின் நிறையை அளந்ததில் ஐயம் நூற்றுக்கு 3. வெப்பத்தையும் காரணியையும் சேர்த்து ஐயம் நூற்றுக்கு 4. பெருக்கிய விடையின் ஐயம் யாது? ஏழு என்பது பலருக்கும் முதலிற் தோன்றும் விடை. அன்று. இரண்டு தவறுகளும் ஒன்றையொன்று அறியாதன. ஒன்று மேலே போகுங்கால் மற்றொன்று கீழே வருதலுங் கூடும். ஆகலின் வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் காணல் வேண்டும். 9உம் 16உம் 25. அதன் மூலம் 5. செங்கோண முக்கோணத்துக்குப் பைதகரசு கண்ட அதே 3, 4, 5. ஒன்றன்மேலொன்று சாராத தவறுகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கின்றன எனக் கொண்டால் இவ்வொற்றுமை வியப்பாகாது.

அவ்வாறாயின் உலை எண்ணெயின் பயனாக எழுந்த காபனீரொட்சைட்டு ஏறக்குறைய 31,300 தொன். ஐயவளவு நூற்றுக்கு 5, அஃதாவது 1,565 தொன். நிலைய வாயுவுக்கு அளவையில் ஐயம் 5, காரணியில் 20 எனக் கொள்ளின், சேர்ந்த ஐயம் 20.6. வெளியேறியது 28,500 தொன். ஐயவளவு 5,900 தொன். இரண்டுங் கூடிய மொத்தம் 59,800. இப்பொழுது தொன் கணக்கிலுள்ள ஐயவளவுகளை வர்க்கித்துக் கூட்டி மூலங்காண, 6,100 தொன் வரும். நூற்றுக்கு ஏறக்குறையப் பத்து. இதன் பொருள், இத்தகைய கணக்கை இருபது முறை எழுதினால், பத்தொன்பது முறையேனும் மெய்யளவு கூறிய எல்லைக்குள் அடங்கும் என்பதாம்.

இங்கே மாணவர் நின்று நோக்கவேண்டிய இடமொன்றுண்டு. உலை எண்ணெயின் ஐயத்தை முற்றாக ஒழித்துவிட்டோம் எனக் கொள்க. புதிய மானிகள், புதிய தாங்கிகள், எவ்வளவு செலவானாலுமாகுக. மொத்த ஐயம் 6,100இலிருந்து 5,900 ஆகும், அவ்வளவே. அதற்கு மாறாக, நிலைய வாயுவின் மாதிரியை ஒழுங்காக எடுத்து ஆய்வுகூடத்திற் பகுத்து, அதன் காரணியின் ஐயத்தை 20இலிருந்து 5 ஆக்கின், மொத்த ஐயம் 2,550 தொன்னாகச் சுருங்கும். பெரிய ஐயமே சிறியவற்றை விழுங்கிவிடுகின்றது. எந்த ஓட்டையை முதலில் அடைப்பது என்று அறிதற்கே ஐயக்கணக்கு வேண்டும். அறிக்கையின் இறுதிப் பக்கத்தை அலங்கரிப்பதற்கன்று.

வர்க்கமூல விதிக்கு நிபந்தனை ஒன்று உண்டு. தவறுகள் ஒன்றையொன்று சாராதிருத்தல் வேண்டும். பத்து உலைகளின் எண்ணெயையும் ஒரே மானி அளக்குமாயின், அம்மானியின் தவறு பத்தையும் ஒரே பக்கமாக இழுக்கும். அங்கே நேராகவே கூட்டல் வேண்டும். இதனை மறந்து மொத்தத்தின் ஐயத்தைச் சிறிதாகக் காட்டும் அறிக்கை கணக்கியலில் எழுவதொன்று. எழுதியோர் அறிந்து செய்தாரெனச் சொல்வதற்கில்லை.

ஐயம் மிகப் பெரிதாயினும், ஒருபக்கம் நீண்டு மறுபக்கம் குறுகியிருப்பினும், மேற்கூறிய விதி உதவாது. கசிவு பூச்சியத்திற் குறைதல் இயலாது. ஆனால் சராசரியின் பத்து மடங்காதல் கூடும். அவ்விடத்தில் மொன்ரே கார்லோ முறை வழங்கும். மொனாக்கோ நாட்டுச் சூதாட்ட நகரின் பெயரைத் தாங்கிய இம்முறையை 1940களில் உலாம், வொன் நொய்மன் என்னும் கணித அறிஞர் உருவாக்கினர். ஒவ்வோர் அளவுக்கும் அதன் எல்லைக்குள் ஓரெண்ணைத் தாயக்கட்டை உருட்டுவதுபோல எடுத்து மொத்தம் காணல். மீண்டும் உருட்டி மீண்டும் காணல். பல்லாயிரம் முறை இவ்வாறு கணினியாற் செய்து, விடைகள் எவ்விடத்திற் குவிகின்றன என நோக்கல். சூதாட்டத்தைப் பழித்த நம் அறநூலாரும் இவ்வொரு சூதை ஒறுத்திரார்.

இதுகாறுங் கூறியது ஐயம். இனித் திரிபு. தோட்டத்திற் கொழுந்து நிறுக்குங்கால் தராசின் முள் ஒருநாள் இப்பக்கமும் ஒருநாள் அப்பக்கமும் சிறிது சாயுமாயின், மாத முடிவில் ஏறக்குறைய ஒத்துவிடும். ஆயின் ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் நாள்தோறும் இரண்டு கிலோ கழிக்கப்பட்டால், இருபத்தைந்து நாளில் ஐம்பது கிலோ போய்விடும். அது தானாக ஒத்துவாராது. எவ்வளவு கூர்மையான தராசு வந்தாலும் கழிவு கழிவே. தோட்டத்தில் வளர்ந்த நம் பழைய மாணவருக்கு இதனை மேலும் விரித்தல் வேண்டா.

எண்ணெய்த் தொழிலில் இதற்கு நிகரானது சுவாலைக் குழாய். அக்குழாயின் நுனியிற் சேரும் மெதேனில் நூற்றுக்கு 98 எரிந்தழியும் என்பது நெடுங்காலமாகக் கணக்குகளில் வழங்கிய எண். 2022இல் வெளியான ஆய்வொன்றில், அமெரிக்காவின் மூன்று எண்ணெய்ப் படுகைகளின் மேலே வானூர்தியிற் பறந்து அளந்தோர், மெய்யாக அழிவது 91 அளவே எனக் கண்டனர். சில சுவாலைகள் அணைந்தேயிருந்தன. சில அரைகுறையாக எரிந்தன. 98க்கும் 91க்கும் வேறுபாடு ஏழுதானே என எண்ணற்க. எரியாது தப்புவது 2இலிருந்து 9 ஆகின்றது, நான்கரை மடங்கு. 98 என்னும் எண்ணைச் சுற்றி நூற்றுக்கு ஒன்று ஐயம் என எழுதி, வர்க்கமூலமும் எடுத்து, மிக நுட்பமாகப் பிழைத்துக்கொண்டிருந்த கணக்குகள் எத்தனையோ!

கசிவுகளின் இயல்பும் இத்திரிபை வளர்க்கும். 2016இல் வெளியான ஆய்வொன்று, பல அளவைகளைத் தொகுத்து நோக்கி, கசிவுகளுட் பெரியனவாகிய நூற்றுக்கு ஐந்தே மொத்தக் கசிவின் பாதிக்கு மேற்பட்டதைத் தருகின்றன என்று காட்டிற்று. அவ்வாறாயின் இருபது மூட்டுகளைச் சோதித்துச் சராசரி எடுப்போன் பெருங்கசிவைப் பெரும்பாலும் காணமாட்டான். சப்பிரகமுவவின் ஆண்டு மழையை, வெயிலடித்த பத்து நாட்களை அளந்து மதிப்பிடுவோனுக்கு இவன் நிகர். கலிபோர்னியாவில் அலிசோ கன்யன் என்னும் நிலத்தடி வாயுக் களஞ்சியத்தின் கிணறொன்று 2015 ஒற்றோபரில் உடைந்து 2016 பெப்ரவரி வரை கசிந்தது. ஏறக்குறைய 97,000 தொன் மெதேன் வெளியேறியதென வானூர்தி அளவையால் அறிந்தனர். எந்தச் சராசரிக் காரணிப் பட்டியலிலும் அந்தக் கிணறு இருக்கவில்லை.

இவை யாவுஞ் சேர்ந்தால் ஒரு நாட்டின் கணக்கே திரிந்துவிடும். 2018இல் அல்வரேசு முதலியோர் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவின் எண்ணெய், வாயுத் தொழிலிலிருந்து 2015ஆம் ஆண்டில் வெளியேறிய மெதேன் 130 இலட்சந் தொன் என மதிப்பிட்டது. அரசாங்கக் கணக்கினும் இது நூற்றுக்கு 60 மிகுதி. அரசாங்கக் கணக்கிலும் ஐயவளவு எழுதப்பட்டேயிருந்தது. ஆயினும் மெய்யளவு அதற்கு வெளியே நின்றது. உள்ளிருந்து எண்ணுவோரின் கணக்கை வெளியிலிருந்து அளப்போரின் கணக்கோடு ஒப்பிட்டபோதே திரிபு புலனாயிற்று. 2017இல் ஏவப்பட்ட ஐரோப்பியச் செய்மதியொன்றின் துரொப்போமி என்னும் கருவி இன்று பெருங்கசிவுகளை விண்ணிலிருந்தே காண்கின்றது. ஆயின் அதற்குப் பெரியன மட்டுமே தெரியும்; முகில் மூடிய நாளில் அவையுந் தெரியா. கண்காணிப்போனுக்கும் தன் ஐயம் உண்டு.

மெதேனைப் பற்றி இவ்வளவு கவலை ஏனெனின், ஒரு தொன் மெதேன் நூறாண்டுக் கணக்கில் 28 தொன் காபனீரொட்சைட்டுக்கு நிகராகவும், இருபதாண்டுக் கணக்கில் எண்பதுக்கும் மேலாகவும் உலகை வெப்பமூட்டும். முன்னைய அறிக்கையில் 25 என்றிருந்த எண்ணே 28 ஆயிற்று. இதுவும் ஓர் ஐயமே என அறிக.

இனி, சப்பிரகமுவவில் இருப்போர்க்கு இதனால் ஆவதென்ன என்னும் வினா எழும். 2016 மே மாதத்துப் பெருமழையில் அரநாயக்கையிற் சாமசர மலை சரிந்து ஊர்களை மூடிற்று. அதே நாட்களிற் புளத்கொஹுபிட்டியத் தோட்டமொன்றின் லயமும் மண்ணுள் அமிழ்ந்தது. குறித்த ஒரு மழையைக் குறித்த ஒரு புகைப்போக்கியின் தலையில் ஏற்றுதல் முறையன்று, அதுவும் திரிபே. ஆயினும் காற்று ஒரு பாகை வெப்பமுறின் நூற்றுக்கு ஏழளவு மிகுதியான நீராவியைத் தாங்கும் என்பதும், அதனாற் பெருமழை மேலும் பெரிதாகும் என்பதும் ஐயமற்ற பௌதிகம். மலைச்சரிவில் லயத்திற் குடியிருப்போர் இக்கணக்குப் புத்தகத்தைத் திறந்ததில்லை; எனினும் அதன் பற்றுப்பக்கத்தில் அவர்கள் பெயரே எழுதப்பட்டுள்ளது.

இலங்கை 2016இல் பாரிசு உடன்படிக்கையை ஏற்றது. 2021இல் அளித்த வாக்குறுதியில், வழமைபோற் போனால் எழக்கூடிய வெளியேற்றத்தை 2030 வரையான பத்தாண்டில் நூற்றுக்கு 14.5 குறைப்பதாகக் கூறிற்று. அதிற் 4 தன்முயற்சியால், 10.5 பிறர் உதவியோடு. நாம் மேலே கற்பித்த கணக்கில் ஐயம் மட்டுமே 10. கணக்கின் ஐயம் 10 ஆயின் நூற்றுக்கு 4 குறைந்ததை எவ்வாறு காண்பது? இவ்வினா நல்ல வினா. அதற்கு விடையும் உண்டு. ஆண்டுதோறும் அதே மானியும் அதே காரணியும் வழங்குமாயின், அவற்றின் தவறு இரண்டாண்டுக் கணக்கையும் ஒரே பக்கமாகவே சாய்க்கும். ஒன்றை மற்றொன்றால் வகுக்குங்கால் அது பெரும்பாலும் நீங்கிவிடும். ஆகலின் ஓராண்டின் மொத்தத்தினும், ஆண்டுக்காண்டு ஏற்றத்தாழ்வு திருத்தமாக அறியப்படும். இடையில் முறையை மாற்றுவோர் பழைய ஆண்டுகளையும் புதிய முறையால் மீண்டும் கணித்தே தீரவேண்டும். அன்றேல் குறைந்தது புகையோ சூத்திரமோ என்று எவரும் அறியார்.

2011இல் மன்னார்க் கடற்படுகையில் கெயார்ன் நிறுவனம் தோண்டிய டொராடோ, பரக்கூடா என்னும் கிணறுகளில் இயற்கை வாயு காணப்பட்டது. அவ்வாயு ஒருகால் மேலே எடுக்கப்படுமாயின், சுத்திகரிப்பு நிலையத்தின் கணக்கோடு கிணற்றின் கணக்கும் நம் நாட்டுக்குச் சேரும். எண்ணெயினும் வாயுவிலே கசிவின் திரிபு பெரிது. எடுப்பதற்கு முன்னரே மன்னார்க் கடற்பரப்பின் மேலுள்ள காற்றில் மெதேன் எவ்வளவு என்று பருவந்தோறும் அளந்து வைத்தல் வேண்டும். கிணறு திறந்தபின் அவ்வளவையை எவராலும் எடுக்க இயலாது.